இந்தச் செய்தி எந்தத் தேதியில் பதியும்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

வணிகச் செய்தி என்றாலே பங்குச் சந்தையில் பணம் போட்டவர்களுக்கு உரியது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப்பதிவியல் படிக்கும் மாணவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. வட்டி விகிதம் உயர்ந்தது, எண்ணெய் விலை சரிந்தது, ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்கியது என்று காலையில் வாசிக்கிறார்கள். பிறகு வகுப்புக்கு வந்து, ‘அ நிறுவனம், ஆ நிறுவனம்’ என்று தொடங்கும் கணக்குகளைப் போடுகிறார்கள். காலையில் வாசித்தது கணக்கு ஏட்டுக்குள் வருவதே இல்லை. அதை வரவைக்க வேண்டும் என்பது ஆசிரியராக என் நெடுநாள் ஆசை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதற்காக நான் மாணவர்களிடம் கேட்பவை மூன்று கேள்விகள். இந்தச் செய்தி யாருடைய ஏட்டில் பதியும்? எந்தக் கணக்கில் பதியும்? எந்தத் தேதியில் பதியும்? வேறு வேலையில் இருந்துகொண்டே கேட்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: யாருடைய ஏட்டில், எந்தக் கணக்கில், எந்தத் தேதியில். இந்தப் பேச்சு முழுவதும் இந்த மூன்றுக்குள்தான் சுற்றிச்சுற்றி வரும்.

முதலில் ஓர் எளிய செய்தி. ‘மத்திய வங்கி வட்டி விகிதத்தை உயர்த்தியது.’ கடன் வாங்கியவரின் வட்டிச் செலவு கூடும், வைப்புத்தொகை வைத்திருப்பவரின் வட்டி வருமானம் கூடும். இவ்வளவையும் முதலாண்டு மாணவர் உடனே சொல்லிவிடுவார். அதற்கு மேலும் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குப் பிற்காலத்தில் தரவேண்டிய ஓய்வூதியத்தை இன்றைய மதிப்புக்கு, அதாவது அதைத் தர இன்று எவ்வளவு வட்டிக்குப் போட்டு வைத்தால் போதும் என்ற தொகைக்கு, குறைத்து எழுதி வைத்திருக்கும். வட்டி விகிதம் ஏறினால் அந்த இன்றைய மதிப்பு இறங்கும், அதாவது நிறுவனத்தின் பொறுப்பு குறைந்துவிடும். அதே நாளில் ஒரு வங்கி ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் கடன் பத்திரங்களின் மதிப்பும் இறங்கும். ஒருவருக்குப் பொறுப்பு குறைகிறது, இன்னொருவருக்குச் சொத்து குறைகிறது. ‘யாருடைய ஏட்டில்’ என்ற முதல் கேள்வியை விடாமல் கேட்டால்தான் இது கண்ணுக்குப் படும்.

பத்திரத்தின் மதிப்பு ஏன் இறங்க வேண்டும்? இதைக் கேட்காத மாணவர் இல்லை. ஆண்டுக்கு 2 சதவீத வட்டி தரும் 10 ஆண்டுப் பத்திரம் ஒன்றை நீங்கள் 100 டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மறுநாளே சந்தையில் 5 சதவீதம் தரும் புதிய பத்திரம் அதே 100 டாலருக்குக் கிடைக்கிறது. உங்கள் 2 சதவீதப் பத்திரத்தை அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? கணக்குப் போட்டால், இன்றைய மதிப்பு ஏறக்குறைய 77 டாலர்தான் வரும். பத்திரத்தை வெளியிட்டவர் ஏமாற்றவில்லை, வட்டியும் நாள் தவறாமல் வருகிறது. ஆனாலும் 23 டாலர் போய்விட்டது. இந்த 77-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் மனத்துக்கு மிகப் பிடித்த பாடத்துக்கு வருகிறேன். 2023 மார்ச் மாதம் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தது. அந்த வங்கியின் 2022 டிசம்பர் 31 தேதியிட்ட இருப்புநிலைக் குறிப்பை, அதாவது அன்றைய சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் பட்டியலை, பெயரை மறைத்து மாணவர்கள் கையில் கொடுப்பேன். “இதில் அபாயம் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்” என்பேன்.

அவர்கள் முதலில் தேடுவது வாராக்கடனை. ஒரு வங்கி கெட்டுப்போவதென்றால் கொடுத்த கடன் திரும்பி வராமல்தான் கெட்டுப்போகும் என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள் அல்லவா? அங்கே அச்சப்படும்படி ஒன்றும் இருக்காது. பிறகு ரொக்கத்தைப் பார்ப்பார்கள், வைப்புத்தொகையைப் பார்ப்பார்கள். சொத்துகளின் பக்கத்தில் ‘முதிர்வு வரை வைத்திருக்கும் பத்திரங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் நேரே உள்ள தொகை சுமார் 9,130 கோடி டாலர். அந்த வரியின் பெயரை ஒட்டி, அடைப்புக்குறிக்குள், சிறிய எழுத்தில் இன்னோர் எண் இருக்கும். பல கண்கள் அதைத் தாண்டிப் போய்விடும். வகுப்பில் யாராவது ஒருவர் அதன்மேல் விரலை வைத்து, “சார், இந்த எண்ணைக் கூட்டலில் சேர்க்கவில்லையே, இது எதற்கு?” என்று கேட்கும் வரை நான் காத்திருப்பேன்.

அந்த எண் சுமார் 7,620 கோடி டாலர். அதே பத்திரங்களின் அன்றைய சந்தை மதிப்பு அது. இரண்டுக்கும் வித்தியாசம் 1,500 கோடி டாலருக்கும் மேல். வங்கியின் பங்குதாரர் முதலோ சுமார் 1,600 கோடி டாலர்தான். கழித்துப் பாருங்கள். அநேகமாக முதல் முழுவதும் அந்த அடைப்புக்குறிக்குள் கரைந்திருக்கிறது. இது எங்கோ பூட்டி வைத்த ரகசியம் இல்லை. வங்கியே வெளியிட்ட அறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பிலேயே அச்சாகியிருந்தது.

நான் சற்று முன்பு சொன்ன 77 டாலர் கணக்கு இதுதான். 2022 மார்ச்சில் சுழியத்தை ஒட்டி இருந்த அமெரிக்க வட்டி விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 4.5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஓராண்டில் வட்டி உயர்வைப் பற்றி எத்தனை செய்திகள் வந்திருக்கும்! ஒவ்வொரு செய்தியும் அந்த அடைப்புக்குறிக்குள் இருந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஆனால் வலப்புறத்தில் இருந்த பெரிய எண் அசையவில்லை. ஏன் அசையவில்லை? பத்திரத்தை முதிர்வு வரை விற்கமாட்டேன் என்று நிர்வாகம் சொன்னால், சந்தை விலை இறங்கினாலும் அதை வாங்கிய விலையின் அடிப்படையிலேயே காட்டலாம் என்று கணக்கியல் விதி அனுமதிக்கிறது. விதி மீறப்படவில்லை. தவறான பதிவும் இல்லை. விற்கமாட்டேன் என்ற எண்ணத்தின் மேல்தான் அந்த 9,130 கோடி நின்றுகொண்டிருந்தது. வைப்பாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டால் அந்த எண்ணம் என்ன ஆகும்? ஒரு பகுதியை விற்றாலே மீதியையும் முதிர்வு வரை வைத்திருப்பேன் என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி 24 அன்று வங்கியின் ஆண்டறிக்கை வெளியாகிறது. மார்ச் 8 அன்று, தேவைப்பட்டால் விற்கலாம் என்ற இன்னொரு வகையில் வைத்திருந்த சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்றுவிட்டதாகவும், அதில் 180 கோடி டாலர் நட்டம் என்றும் வங்கி அறிவிக்கிறது. மறுநாள், மார்ச் 9, ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வைப்பாளர்கள் எடுத்துவிடுகிறார்கள். மார்ச் 10 அன்று வங்கி மூடப்படுகிறது. ஆண்டறிக்கை வந்து இரண்டே வாரம்.

இந்த ஒரு செய்திக்குள் எத்தனை பாடங்கள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்! வாங்கிய விலையிலேயே சொத்தைக் காட்டும் அடக்கவிலைக் கொள்கை, சந்தை மதிப்பு, நிறுவனத் தொடர்ச்சி அனுமானம், குறிப்புகளை வாசிக்கும் பழக்கம் எல்லாம் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. ‘நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற அனுமானத்தில் கணக்குகள் தயாரிக்கப்படுகின்றன’ என்ற வரியை மாணவர்கள் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். இந்த வங்கியின் கதையைப் பார்த்த மாணவரிடம் அந்த வரியைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே நிறுத்தி, யார் அனுமானித்தார்கள், எதை நம்பி அனுமானித்தார்கள் என்று கேட்பார். அந்தக் கேள்வி அவரிடமிருந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் நான் இவ்வளவு பாடுபடுகிறேன்.

அடுத்து, மூன்றாவது கேள்வி: எந்தத் தேதியில்? முதல் இரண்டையும் கேட்பவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இதில்தான் ஆர்வம் அதிகம்.

கணக்காண்டு ஒரு தேதியில் முடிகிறது. கணக்கைச் சரிபார்த்து இயக்குநர் குழு ஒப்புதல் தர மேலும் சில வாரங்கள், சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் உலகம் சும்மா இருக்காது, செய்தி வந்துகொண்டே இருக்கும். அப்படி வரும் செய்தியை முடிந்துபோன காலத்தின் கணக்கில் சேர்ப்பதா, அடுத்த காலத்துக்கு விடுவதா? பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 10 இதற்குத்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இரண்டு செய்திகளை அருகருகே வைத்தால் அது உயிர் பெற்றுவிடும்.

முதல் செய்தி 2019-ஐச் சேர்ந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்தை எந்த வருவாயின் மேல் கணக்கிடுவது என்ற நெடுநாள் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் அக்டோபர் 24 அன்று நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, செப்டம்பர் 30-ஆம் தேதி, காலாண்டு முடிந்துவிட்டது. ஆனால் நவம்பரில் முடிவுகள் வந்தபோது, அந்தச் செப்டம்பர் காலாண்டுக்கே வோடஃபோன் ஐடியா 50,921 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. பார்தி ஏர்டெல் 23,045 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. அக்டோபரில் வந்த தீர்ப்பு செப்டம்பர் கணக்கில் ஏறிவிட்டது.

இரண்டாவது செய்தி உக்ரைன் போர். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்தது. மூன்றே நாளில், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தில் தனக்கிருந்த 19.75 சதவீதப் பங்கிலிருந்து வெளியேறுவதாக பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனம் அறிவித்தது. அதன் கணக்காண்டு 2021 டிசம்பர் 31-உடன் முடிந்திருந்தது. இந்த வெளியேற்றத்தால் வந்த நட்டம் 2,400 கோடி டாலர் அளவில். அதை 2021 கணக்கில் எழுதினார்களா? இல்லை. 2022-இன் முதல் காலாண்டில்தான் எழுதினார்கள்.

இரண்டு செய்தியுமே கணக்குக்காலம் முடிந்த பிறகு வந்தவைதான். ஒன்று பழைய கணக்கில் ஏறியது, ஒன்று ஏறவில்லை. ஏன்?

இந்த இடத்தில் மாணவர்கள் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ‘தொகை பெரிது’ என்பார் ஒருவர். ‘தீர்ப்பு சட்டம், போர் சட்டம் இல்லை’ என்பார் இன்னொருவர். மெல்ல மெல்ல விடைக்கு வந்து சேர்வார்கள். கட்டண வழக்கு செப்டம்பர் 30 அன்றே இருந்தது. கடமை பழையது, நீதிமன்றம் பிறகு அதை உறுதி செய்தது. அதனால் பழைய கணக்கைத் திருத்த வேண்டும். டிசம்பர் 31 அன்றோ போர் தொடங்கியிருக்கவில்லை. படைகள் எல்லையில் நின்றன என்பார்கள். நின்றது உண்மைதான், ஆனால் படையெடுப்பு நடந்திருக்கவில்லை, வெளியேறும் முடிவும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. அதனால் பழைய கணக்கின் எண்களைத் தொடக்கூடாது, குறிப்பில் வெளிப்படுத்த வேண்டும். செய்தி எப்போது வந்தது என்று பார்த்தால் போதாது, அந்தச் செய்திக்கான நிலைமை எப்போது உருவானது என்று பார்க்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், இதை நேரில் எழுதிக் காட்ட முடியாது என்பதால்: செய்தி வந்த நாள் வேறு, நிலைமை உருவான நாள் வேறு. கணக்கு கேட்பது இரண்டாவதை.

இதைப் புரிந்துகொண்ட மாணவரிடம் ஒரு வாடிக்கையாளர் ஜனவரியில் திவாலானார் என்ற செய்தியைக் கொடுங்கள். டிசம்பரில் அவரிடமிருந்து வரவேண்டிய பாக்கிக்கு ஒதுக்கு, அதாவது வராமல் போகும் தொகைக்கான நட்டம், எழுத வேண்டுமா என்று கேளுங்கள். ஜனவரியில் ஒரே நாளில் யாரும் திவாலாகிவிடுவதில்லை, டிசம்பரிலேயே நொடித்துப் போயிருப்பார், எனவே எழுத வேண்டும் என்பார். அதே வாடிக்கையாளரின் கிடங்கு ஜனவரியில் தீப்பிடித்து, அதனால்தான் அவர் நொடித்தார் என்றால்? விடை மாறும். அதையும் அவரே சொல்லிவிடுவார்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது என்று தெரிகிறது. வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் மிகவும் சலித்துக்கொள்ளும் பாடம் அது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் எழுதிய கடிதத்தை வாசிக்கக் கொடுங்கள்: ரொக்கமும் வங்கி இருப்பும் என்று காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை. 2020 ஜூனில் ஜெர்மனியின் பணப்பரிமாற்ற நிறுவனமான வயர்கார்டு, வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ அநேகமாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஏட்டில் உள்ள வங்கி இருப்பையும் வங்கியே தரும் அறிக்கையையும் ஒப்பிடுவது ஏன் என்று அதற்குப் பிறகு எந்த மாணவரும் கேட்கமாட்டார்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, செய்திக்கு எங்கே போவது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். தனி வகுப்பு வேண்டாம். அன்றைய பாடத்துக்குப் பொருந்துகிற ஒரே ஒரு செய்தி, முதல் 10 நிமிடம். மாணவரே குறிப்பேட்டுப் பதிவை எழுதட்டும், தேதியோடு எழுதட்டும். விடை தெரியாத செய்தியைக்கூடத் தயங்காமல் கொண்டுபோங்கள்; அந்த நிறுவனத்தின் அடுத்த காலாண்டு முடிவு வரும்போது, தாங்கள் எழுதிய பதிவோடு அது ஒத்துப்போகிறதா என்று மாணவர்களே தேடி எடுத்துப் பார்ப்பார்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.