காலிக் கட்டிலுக்கும் காசு கட்டியவள்

நடுவர் அவர்களே, இரண்டு அணியினரே, அவையோரே, வணக்கம். வணக்கத்திலேயே மணி அடித்துவிடுவார் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி நேரத்தில் தனியாகக் கப்பல் சுற்றுலா போவது சுகமா, சுமையா? சுகம்தான் என்று பேச வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார். "தனியாகக் கப்பலேறுகிறவர் காலிக் கட்டிலுக்கும் சேர்த்துக் காசு கட்டும் ஏமாளி" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. கப்பல்காரர்கள் அறைக்கு இருவர் என்றுதான் கணக்கு வைப்பார்கள். ஒருவர் மட்டும் வந்தால் கூடுதல் கட்டணம், பல சமயம் இன்னொரு முழுக் கட்டணமே. ஓர் அறையில் மூன்று பேர் இருந்தால் அது 150 சதவீதம் நிரம்பிய அறை. நான் ஒருத்தி படுத்தால் 50 சதவீதம். இந்த உடம்பைப் பார்த்துப் பாதி என்று சொன்ன முதல் ஆட்கள் அவர்கள்தான். அதற்காகவே காசு கொடுக்கலாம்!

மீதிப் பாதியைத் தம்பி விட்டுவிட்டார். மீதிப் பணம் கட்டும் கெடு, புறப்படுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு முடியும். பின்வாங்கியவர்களின் அறைகள் திரும்பி வரும். பூட்டிய அறையோடு கப்பல் கிளம்பினால் அந்த வருமானம் கடலில் கரைத்த பெருங்காயம். ஆள் ஏறினால் உள்ளே நாலு காசு செலவழிப்பார். அதனால்தான் விலையை இறக்குகிறார்கள். தனி ஆளுக்கான கூடுதல் கட்டணத்தையும் சில நேரம் குறைக்கிறார்கள். நார்வீஜியன் எபிக் கப்பலில் தனி ஆட்களுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள். அது 2010. தம்பி இன்னும் 2009இலேயே நிற்கிறார்.

விசா இல்லாதவர் கடைசி நேரத்தில் கிளம்பக் கூடாது, விமான டிக்கெட் விலை மிச்சத்தைத் தின்றுவிடும் என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். சரி, என் கதைக்கு வருகிறேன்.

புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது பதிவு செய்தேன். எந்த அறை என்பதைக் கப்பல்காரர்களே முடிவு செய்வார்கள். கிடைத்தது ஜன்னல் இல்லாத உள்ளறை. விளக்கை அணைத்தால் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று எனக்கே தெரியாது. முதல் நாள் இரவுச் சாப்பாடு. இருவர் மேசை, இரண்டு தட்டு. பரிமாறுகிறவர் குனிந்து கேட்டார்: "இன்னொருவர் வருகிறாரா?" "இல்லை" என்றேன். எடுக்க ஆரம்பித்தார். எடுப்பதைச் சட்டென்று எடுக்க வேண்டாமா? தட்டு. கரண்டி. முள்கரண்டி. கத்தி. கோப்பை. இன்னொரு கோப்பை. துக்க வீட்டில் சாமான் ஒதுக்குவது போல ஒவ்வொன்றாக! கூடம் முழுக்க என்னையே பார்க்கிறது.

இரண்டாம் நாள். அதே மேசை. "வருகிறாரா?" "இல்லை." தட்டு. கரண்டி. முள்கரண்டி... நடுவர் அவர்களே, நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் துணிந்துவிட்டேன். இரண்டு பேருக்குக் காசு கட்டியிருக்கிறேன் இல்லையா! "வருகிறாரா?" "வருவார்." "எப்போது?" "கொஞ்சம் நேரமாகும்." தட்டு தப்பித்தது. ஆனால் அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து வாசலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். நானும் வாசலைப் பார்க்கிறேன். பொய் சொன்ன எனக்கே, யாராவது வந்துவிடுவார்களோ என்று இருக்கிறது.

வந்துவிட்டார்.

இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. எழுபதைத் தாண்டியிருக்கும். தன் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "மன்னிக்கணும், தாமதமாகிவிட்டது" என்று சொல்லி எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

தம்பி, அந்த அம்மா என்னைப் போலக் கடைசி நேரத்தில் ஓடி வந்தவர் இல்லை. ஒரு வருஷம் முன்பே, அறை எண் வரை பார்த்துப் பதிவு செய்தவர். இரண்டு பேருக்கு. மீதிப் பணமும் கட்டிய பிறகு வீட்டுக்காரர் போய்விட்டார். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். பெட்டியில் பாதியைக் காலியாக விட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டார். அவர் அறையிலும் ஒரு காலிக் கட்டில். "உன் மேசையில் தட்டை எடுத்ததை இரண்டு நாளாகப் பார்த்தேன். என் மேசையிலும் அப்படித்தான் எடுத்தார்கள்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் நாங்கள் போகும்போது, யாரும் கேட்காமலே இரண்டு தட்டு வைத்திருந்தது. காலிக் கட்டிலுக்குக் கட்டிய காசை நான் அதில் கழித்துக்கொண்டேன், தம்பி. நடுவர் அவர்களே, இனி மணி அடிக்கலாம்.