கணையாழியும் கயிறும்: மால்ஃபி கோமகளின் திருமணம்

(காட்சி: இருண்ட சிறையறை. ஒரே ஒரு மெழுகுவர்த்தி.)

கழுத்தில் கயிறு விழுவதற்குச் சற்று முன்பு அந்தப் பெண் தன் தோழியிடம் இரண்டு வேலைகளைச் சொல்கிறாள். சின்னவனுக்குச் சளி பிடித்திருக்கிறது, கொஞ்சம் மருந்துப் பாகு கொடுக்க வேண்டும். மகள் தூங்கப் போகுமுன் ஜெபம் சொல்ல வேண்டும். கொல்ல வந்தவர்கள் எதிரே நிற்கிறார்கள். அவர்களை ஏவியவன் அவளோடு ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரன். அவள் செய்த குற்றம், கணவனை இழந்த பிறகு தன் மனதுக்குப் பிடித்த ஒருவனை மணந்துகொண்டது.

ஜான் வெப்ஸ்டர் எழுதி, 1613-14 வாக்கில் லண்டனில் முதன்முதலாக மேடையேறிய ‘தி டச்சஸ் ஆஃப் மால்ஃபி’ (மால்ஃபியின் கோமகள்) என்ற நாடகத்தின் நான்காம் அங்கம் இது. அந்தப் பெண்தான் கோமகள். பழிவாங்கும் துன்பியல் நாடகங்களில் வழக்கமாக ஒரு கொலை முதலில் நடந்திருக்கும். தந்தையையோ மகனையோ பறிகொடுத்தவன் நீதி கிடைக்காமல் தானே வாளெடுப்பான். வெப்ஸ்டரின் நாடகத்தில் அப்படி ஒரு கொலை இல்லை. ஒரு திருமணத்துக்காகப் பழி வாங்கப்படுகிறது. அந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

(காட்சி: அரண்மனை அறை. மேசையில் கணக்கேடுகள்.)

முதல் அங்கத்தில் இரு சகோதரர்களும் விதவையான கோமகளை நடுவில் நிறுத்திக்கொண்டு, மறுமணம் செய்யக் கூடாது என்று மாறி மாறி எச்சரிக்கிறார்கள். ஒருவன் கலாப்ரியாவின் கோமகனான ஃபெர்டினாண்ட், மற்றவன் கத்தோலிக்கத் திருச்சபையில் போப்பாண்டவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் கர்தினால். பேச்சின் முடிவில் ஃபெர்டினாண்ட் தங்கள் தந்தையின் குத்துவாளை எடுத்துக் காட்டுகிறான். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் அவள் தன் காரியஸ்தன் அந்தோனியோவைக் கணக்கு வழக்குப் பார்க்க அழைக்கிறாள். பேச்சுக்கு நடுவே அவனுடைய கண் சிவந்திருப்பதைக் கண்டு, கண்ணுக்கு நல்லது என்று சொல்லித் தன் கணையாழியைக் கழற்றிக் கொடுக்கிறாள். கொடுத்த பிறகுதான், அது தன் திருமணக் கணையாழி என்றும், இரண்டாவது கணவனுக்கு அல்லாமல் வேறு யாருக்கும் அதைத் தருவதில்லை என்று சபதம் செய்திருப்பதாகவும் சொல்கிறாள். உயர்ந்த இடத்தில் பிறந்த பெண்ணிடம் காதலைச் சொல்ல எவனும் துணிய மாட்டான் என்பதால், அவளே சொல்ல வேண்டியிருக்கிறது. தான் சதையும் ரத்தமும் உள்ளவள் என்றும், கணவனின் கல்லறைமீது மண்டியிட்டிருக்கும் சலவைக்கல் சிலை அல்ல என்றும் அவள் அந்தோனியோவிடம் கூறும் இடம், எனக்குத் தெரிந்த காதல் காட்சிகளிலேயே மிகத் துணிச்சலானது.

அடுத்து நடப்பது திருமணம். பாதிரியார் இல்லை, கோயில் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து வெளிவரும் தோழி கரியோலா மட்டுமே சாட்சி. இது வெறும் நாடகக் கற்பனை அன்று. இருவரும் ஒருவரையொருவர் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால், திருச்சபை அதை முறைகேடு என்று கண்டித்தாலும், திருமணம் செல்லும் என்பதே அன்றைய இங்கிலாந்தின் சட்ட நிலை. 1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டம்தான் அந்த நிலையை மாற்றியது. சட்டம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லக் கேட்டிருப்பதாகக் கோமகளே குறிப்பிடுகிறாள். ஆகவே பின்னால் அவளை நடத்தை கெட்டவள் என்று ஃபெர்டினாண்ட் ஏசும்போது, அவள் சட்டப்படி மனைவி என்பதை அரங்கில் இருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள்.

விதவை என்ற சொல்லுக்கு அன்றைய இங்கிலாந்தில் இன்னொரு பொருளும் இருந்தது. மணமாகும் வரை பெண் பெரும்பாலும் தந்தையின் பொறுப்பில் இருந்தாள். மணமானதும் அவளுடைய சொத்து கணவனின் கைக்குப் போனது. கணவன் இறந்த பிறகு தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும் ஒப்பந்தம் செய்யவும் அவளால் முடிந்தது. சகோதரர்கள் அஞ்சுவது அந்தச் சுதந்திரத்தைத்தான். அவள் விதவையாகவே இருந்திருந்தால் பெருஞ்செல்வம் தனக்கு வந்திருக்கும் என்று, அவள் இறந்த பிறகு ஃபெர்டினாண்ட் வாய்விட்டே சொல்கிறான். ஆனால் பணம் மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. தங்கையின் படுக்கையறையைப் பற்றி அவன் பேசும் பேச்சில் ஒரு பங்காளியின் கோபத்தைவிட ஒரு காதலனின் பொறாமையே கேட்கிறது. வெப்ஸ்டர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. கேட்பவரின் உடல் கூசும்படி விட்டுவிடுகிறார்.

(காட்சி: இத்தாலியின் வரைபடம். அமால்ஃபி, லொரேட்டோ, அன்கோனா.)

இந்தக் கதைக்குப் பின்னால் உண்மையாக வாழ்ந்த ஒரு பெண் இருக்கிறாள். நேப்பிள்ஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜியோவன்னா தராகோனா, 1490இல் அமால்ஃபியின் (நாடகத்தில் வரும் மால்ஃபி இதுதான்) வாரிசுக்கு மணமுடிக்கப்பட்டு, 1498இல் விதவையானாள். கைக்குழந்தையான மகனின் சார்பில் ஆட்சி நடத்திய காலத்தில், அரண்மனைக் காரியஸ்தன் அந்தோனியோவை ரகசியமாக மணந்தாள். 1510இல் லொரேட்டோ திருத்தலத்துக்கு யாத்திரை போவதாகச் சொல்லிப் புறப்பட்டு, அன்கோனாவில் கணவனோடு சேர்ந்தாள். பிறகு பிடிபட்டு அமால்ஃபிக்குக் கொண்டுசெல்லப்பட்டதோடு அவளைப் பற்றிய செய்தி நின்றுவிடுகிறது. அந்தோனியோ 1513இல் மிலானில் கொல்லப்பட்டான். அவளுடைய சகோதரன் லூயிஜி நிஜமாகவே கர்தினால்தான். பந்தெல்லோ என்ற இத்தாலியர் இதைக் கதையாக்கினார். அது பிரெஞ்சு வழியாக 1567இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது, காமத்துக்கு அடிமையான ஒரு சீமாட்டிக்குக் கிடைத்த தண்டனையாக அறிவுரை தோய்ந்து வந்தது. அதே சம்பவங்களை எடுத்துக்கொண்ட வெப்ஸ்டர், குற்றவாளிக் கூண்டில் சகோதரர்களை ஏற்றினார்.

நாடகத்தில் சகோதரர்களின் கருவி பொசோலா. கர்தினாலுக்காகக் கொலை செய்து தண்டனை அனுபவித்தவன். கோமகளின் குதிரை லாயப் பொறுப்பு என்ற பெயரில் அவளை வேவு பார்க்க நியமிக்கப்படுகிறான். அவள் கருவுற்றிருக்கிறாளோ என்று சந்தேகித்து, பருவத்துக்கு முன்பே வந்த ஆப்ரிகாட் பழங்களைக் கொண்டுவந்து நீட்டுகிறான். மசக்கைக்காரிக்கே உரிய ஆசையோடு அவள் அவற்றைத் தின்றதும் வலி கண்டுவிடுகிறது. குதிரைச் சாணத்தில் பழுக்க வைத்தவை என்று அவன் பிறகு சொல்கிறான். குடும்பத்தின் உளவு ஒரு பெண்ணின் வயிறு வரைக்கும் வந்துவிட்டதைக் காட்ட இதைவிடச் சிறிய பொருளோ, கொடிய பொருளோ வேண்டியதில்லை.

சிறையில், இருட்டில் ஃபெர்டினாண்ட் ஒரு பிணத்தின் கையை அவளிடம் நீட்டுகிறான். கணவனும் பிள்ளைகளும் இறந்து கிடப்பதுபோல மெழுகுப் பொம்மைகளைக் காட்டுகிறான். பைத்தியக்காரர்களை ஏவி ஊளையிடச் செய்கிறான். இவ்வளவுக்கும் பிறகு அவள், தான் இன்னும் மால்ஃபியின் கோமகள்தான் என்கிறாள். பிள்ளைகள் இறந்துவிட்டதாக நம்பியவள் சளிக்கு மருந்து கொடுக்கச் சொல்வது வெப்ஸ்டரின் கவனப்பிசகு என்று சொல்வோர் உண்டு. தாயின் மனம் சாவை ஏற்க மறுத்து அன்றாட வேலைக்குத் திரும்பிவிடுகிறது என்றே நான் அதை வாசிக்கிறேன். சலவைக்கல் சிலைபோல் மண்டியிட மாட்டேன் என்ற பெண் கடைசியில் மண்டியிடுகிறாள். சொர்க்கத்தின் வாசல் அரண்மனை வாசலைப்போல் உயரமானதல்ல, முழங்காலிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று அவளே காரணமும் சொல்கிறாள்.

கரியோலா அப்படிச் சாகவில்லை. தனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்கிறாள், கர்ப்பமாக இருக்கிறேன் என்கிறாள், கடிக்கிறாள், கீறுகிறாள். எஜமானியின் கம்பீரத்தைப் போற்றுகிறவர்கள் இந்தத் தோழியைக் கடந்துபோய்விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

தங்கையின் உடலைக் கண்ட ஃபெர்டினாண்ட், அவளுக்குத் தண்டனை விதிக்கத் தான் நீதிபதியா என்று பொசோலாவிடமே சீறுகிறான். ஆணவக் கொலை செய்தவன் கேட்கவே கூடாத கேள்வி அது. கேட்ட பிறகு அவன் புத்தி நிலைக்கவில்லை. நள்ளிரவில் ஒரு மனிதனின் காலைத் தோளில் சுமந்துகொண்டு, தன்னை ஓநாய் என்று நம்பி அலைகிறான். கர்தினால், தன் ஆசைநாயகி ஜூலியாவுக்கு விஷம் தடவிய வேதநூலை முத்தமிடக் கொடுத்துக் கொல்கிறான். கோமகளுக்காகப் பழிவாங்கக் கிளம்பும் பொசோலா, இருட்டில் ஆள் தெரியாமல் அந்தோனியோவையே முதலில் குத்திவிடுகிறான். பிறகு சகோதரர்கள் இருவரும் அவனும் ஒரே இடத்தில் விழுகிறார்கள்.

(காட்சி: பிணங்களுக்கு நடுவே ஒரு சிறுவன்.)

அந்தோனியோவின் நண்பன் டெலியோ, கோமகளுக்கும் அந்தோனியோவுக்கும் பிறந்த மூத்த மகனை அழைத்து வருகிறான். தாயின் உரிமையில் அவனை நிலைநிறுத்த வேண்டும் என்று கேட்கிறான். முதல் கணவனின் வழியில் ஒரு மகன் இருப்பதாக நாடகத்திலேயே முன்பு ஒரு குறிப்பு வந்துபோகிறது. அப்படியிருந்தும், யாருக்கும் தெரியாமல் ஒரு கணையாழியால் முடிந்த திருமணத்தின் பிள்ளைதான் அங்கே நிற்கிறான், அவனை முறைகேடாகப் பிறந்தவன் என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆனால் அவன் பிறந்த இரவில் தந்தை கணித்து, கை தவறி விழவிட்டு, பொசோலா கண்டெடுத்த ஜாதகக் குறிப்பில் இருந்தது அற்ப ஆயுள், கொடிய மரணம் என்ற வரிகள்.