இரவிகுளத்துக்கு எப்போது வரலாம்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மூணாறில் குடியிருப்பதால் தேனி, மதுரை, உடுமலைப் பக்கத்துச் சொந்தங்கள் அடிக்கடி போன் செய்வார்கள். "மாமா, பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, எந்த ஓட்டலில் ரூம் போடலாம்?" என்பார்கள். ஓட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தேதியை முடிவு செய்ய வேண்டும். அந்தத் தேதிக்கு மலை என்ன நிலையில் இருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும்.

இரவிகுளம் தேசியப் பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தேயிலைத் தோட்டத் துரைமார் வேட்டைக்கென்று வைத்திருந்த காடு அது. 1971இல் கேரள அரசு எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. தென்னிந்தியாவிலேயே மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2695 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுத்தால் சிகரத்தில் ஏறலாம் என்று நினைத்து வராதீர்கள். பொதுமக்களுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டும். ஐந்தாம் மைல் என்ற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, வனத்துறை பஸ்ஸில் மேலே போய், ரோட்டிலேயே கொஞ்ச தூரம் நடந்து திரும்ப வேண்டும்.

அந்த நடைக்கே வரலாம். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். அது ஒரே இடத்தில் மிக அதிகமாக வாழ்வது இங்கேதான். நிமிர்ந்து நிற்கும் பாறையில் நாலு குளம்பையும் ஒரு கையகல இடத்தில் ஒடுக்கி வைத்துக்கொண்டு, தாய் ஆடு சாவகாசமாகப் புல் மேயும். குட்டி அதன் வயிற்றடியில் நிற்கும். வயதான கிடாவுக்கு முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு இருக்கும். சில சமயம் ரோட்டோரத்துக்கே வந்துவிடும். அப்போது முறுக்கையோ சிப்ஸையோ நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மலைப்புல்லைத் தின்று வாழும் விலங்கு அது. தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள்.

இந்த ஆடுகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போடும். அதனால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவை மூடிவிடுவார்கள். இது தெரியாமல் வந்து, வாசலில் காவலரிடம் சண்டை போடும் குடும்பங்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம். அந்த மாதங்களில் கிளம்புவதாக இருந்தால், திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜூலை, ஆகஸ்டில் வரவே வேண்டாம் என்பேன். ராஜமலைக்குப் பக்கத்தில்தான் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை மூடியது. 70 பேர் இறந்துபோனார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கயத்தாறுப் பக்கம் பூர்வீகமாகக் கொண்டவர்கள் பலர். ராஜமலைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வழியில் பார்க்கும் பச்சைக்கெல்லாம் அந்த மக்களின் கைகள்தான் காரணம்.

அப்படியென்றால் எப்போதுதான் வருவது? என்னைக் கேட்டால், செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு லீவுதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், லக்கம் அருவியில் தண்ணீர் நிறைய இருக்கும், கூட்டமும் குறைவு. டிசம்பரில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் பாதிப் பொழுது வரிசையிலேயே போய்விடும். அப்போது வருவதென்றால் ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டு, காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் நிற்கிற ஆள்கூடத் தெரியாது. குளிரும் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.

வழியைப் பற்றியும் சொல்லவேண்டும். போடியிலிருந்து வந்தால் போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறவேண்டும். வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் கிளம்பும்போது வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காதீர்கள். உடுமலை வழியில் வந்தால் சின்னாறு காடு, யானைகள் ரோட்டைக் கடக்கும் இடம். வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும், நடுவில் இறங்கி செல்ஃபி எடுக்கவே கூடாது. மறையூரில் மட்டும் அவசரப்படாமல் நில்லுங்கள். சந்தனக்காட்டையும் பாறை மேல் இருக்கும் முனியறைகள் என்ற பழங்காலக் கல்லறைகளையும் பாருங்கள், ஆலையில் சூடாக உருட்டிய வெல்லம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடுமலை, தாராபுரம் விவசாயிகளுக்கு ஒரு விஷயம். உங்கள் வயலுக்கு வரும் அமராவதித் தண்ணீரில் ஒரு பங்கு இந்த மலையிலிருந்து பாம்பாறாக இறங்கி வருவது. மேலே இருக்கும் புல்வெளியும் சோலையும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால்தான் கோடையிலும் ஓடைகளில் நீர் இருக்கிறது. அந்தப் புல்லில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, நீலக்குறிஞ்சி. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. 2018இல் ஆகஸ்ட் வெள்ளத்தில் ரோடுகள் உடைந்து, வர நினைத்த பலர் வரமுடியாமல் போனது. அடுத்தது 2030. பூத்து விதை போட்டதும் செடி செத்துவிடும், அந்த விதைதான் அடுத்த குறிஞ்சிக்கு ஆதாரம். அதனால் ஒரு பூவைக்கூடப் பறிக்காதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அந்த வருஷம் கூட்டிக்கொண்டு வாருங்கள். பஸ் மேலே வரைக்கும் போகும், நடை அதிகம் இல்லை.

நன்றி, வணக்கம்.