நம்பிக்கையுள்ளவர்களும் அழுவார்கள்

(நவம்பர் மாத நினைவு ஆராதனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான சபையாருக்கு என் ஸ்தோத்திரங்கள். இந்த ஆண்டு நம் சபையிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலில் உங்களோடுதான் பேசப் போகிறேன். பின்வரிசைக்காரர்கள் தூங்கிவிட வேண்டாம், கடைசியில் உங்களுக்கும் வேலை வைத்திருக்கிறேன்.

நம் துக்க வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மகள் வாய்விட்டு அழுகிறாள். உடனே யாராவது தோளைத் தொட்டு, "அழக்கூடாதும்மா, அப்பா ஆண்டவர்கிட்டதானே போயிருக்காங்க, நாம விசுவாசிங்க இல்லையா" என்பார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்பா போன துக்கம் போதாதென்று, அழுதால் விசுவாசம் குறைவு என்கிற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. நம் பாட்டிமார் ஒப்பாரி வைத்து அழுதவர்கள். சபைக்குள் வந்தபிறகு அந்த இடத்துக்குப் பாமாலையும் கீர்த்தனையும் வந்தன. அதில் குறையொன்றும் இல்லை. விடிய விடியப் பாடிய அந்தப் பாட்டுகள் எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கின்றன. ஆனால் அழுகையையே அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்தை யார் போட்டது? வேதத்தில் நான் அதைக் காணவில்லை.

பெத்தானியாவுக்கு வாருங்கள். எருசலேமிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல். இயேசுவின் சிநேகிதன் லாசரு வியாதியாய்க் கிடக்கிறான் என்று அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் ஆள் அனுப்புகிறார்கள். இயேசு உடனே கிளம்பவில்லை. இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். அவர் வந்து சேரும்போது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாளாகிவிட்டது. மார்த்தாள் ஊருக்கு வெளியே போய் அவரைப் பார்த்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மரியாள் வந்து அவர் பாதத்தில் விழுந்து அதையே சொல்லுகிறாள். அந்த நாலு நாளும் வீட்டில் இரண்டு பேரும் இதையேதான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளிலும் அப்படித்தானே? "முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால்." "வேறு டாக்டரிடம் காட்டியிருந்தால்." இந்த "இருந்தால்" ஓயவே ஓயாது.

அவர்களை இயேசு கண்டிக்கவில்லை. "என்னிடமே குறை சொல்கிறாயா" என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை, ஆனால் மார்த்தாளுக்கு ஒரு விதமாகவும் மரியாளுக்கு வேறு விதமாகவும் அவர் நடந்துகொள்கிறார். மார்த்தாளோடு பேசுகிறார். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்" என்று நம் அடக்க ஆராதனையில் போதகர் ஐயர் வாசிக்கிற வசனம், துக்கத்தோடு சண்டைக்கு வந்த மாதிரி நின்ற அந்த அம்மாளிடம் சொல்லப்பட்டதுதான். மரியாள் விஷயத்தில் போதனை எதுவும் இல்லை. அவள் அழுகிறதையும் கூட வந்தவர்கள் அழுகிறதையும் பார்த்து ஆவியிலே கலங்குகிறார். "அவனை எங்கே வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்கிறார். அப்புறம், "இயேசு கண்ணீர் விட்டார்."

இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு வெளியே வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். புறப்படும் முன்பே சீஷர்களிடம் அதைச் சொல்லியும் இருக்கிறார். முடிவு தெரிந்தவர் ஏன் அழ வேண்டும்? இதற்கு உரையாசிரியர்கள் பல காரணம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்று போதும்: பிரியமானவர்கள் அழும்போது அவரால் அழாமல் நிற்க முடியவில்லை. உயிர்த்தெழுதல் அவர் கையிலேயே இருந்தது, கண்ணீரும் வந்தது. அவர் அழுதாரென்றால் நீங்களும் அழலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பிரசங்கங்களில் நாம் இதை அதிகம் தொடுவதில்லை. லாசரு அதற்கப்புறம் ஒருநாள் மறுபடியும் இறந்திருப்பான். அந்த வீட்டில் மறுபடியும் யாரோ அழுதிருப்பார்கள். பெத்தானியாவில் நடந்தது ஓர் அடையாளம். நம்முடைய நம்பிக்கை அதைவிடப் பெரியதன்மேல் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆதிச் சபையின் முதல் இரத்தசாட்சி ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றார்கள். வானம் திறந்திருப்பதைக் கண்டுகொண்டே செத்தவர் அவர். அவர் எங்கே போனார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. ஆனாலும் தேவபக்தியுள்ள மனுஷர் அவரை அடக்கம்பண்ணி, அவருக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லுகிறது. அழுதவர்கள் யார்? தேவபக்தியுள்ள மனுஷர். பவுலையும் பாருங்கள். "சாவு எனக்கு ஆதாயம்" என்று பிலிப்பியருக்கு எழுதியவர், அடுத்த அதிகாரத்திலேயே எப்பாப்பிரோதீத்து சாகக்கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராதபடி தேவன் தனக்கும் இரங்கினார் என்கிறார். தன் சாவு ஆதாயம், நண்பனின் சாவோ தாங்க முடியாத துக்கம். இரண்டும் ஒரே மனிதர், ஒரே கடிதத்தில் எழுதியவை.

சரி, "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து, அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதினாரே என்று கேட்பீர்கள். ஏறக்குறைய கி.பி. 50-ல் எழுதியது, அவருடைய கடிதங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தச் சபையார் ஒரு பயத்தில் இருந்தார்கள். ஆண்டவர் வருமுன்னே செத்துப்போனவர்கள் கதி என்ன, அவர்கள் கைவிடப்பட்டவர்கள்தானா என்ற பயம். இல்லை, கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள்தான் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று பவுல் பதில் எழுதினார். துக்கிக்காதே என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவன் துக்கிக்கிற மாதிரி துக்கிக்க வேண்டாம் என்கிறார்.

இந்த "மற்றவர்கள்" என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களின் துக்கத்தைத் தாழ்வாகப் பேசுவோரும் நம்மிடையே உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. 1798 பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் இறந்தபோது அவருக்காகக் கண்ணீர் விட்டவர்களில் முக்கியமானவர் சரபோஜி மன்னர். ஐயரின் கல்லறைக்குக் கவிதையும் அவரே எழுதினார். படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையை மன்னர் பிடித்திருக்கும் சலவைக்கல் சிற்பத்தைச் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம். நம் வீட்டுச் சாவுக்கு முதலில் ஓடிவந்து பந்தல் போடுகிறவரும் பல நேரம் பக்கத்து வீட்டு இந்து அண்ணன்தானே.

இப்போது ஜெர்மனியிலுள்ள விட்டன்பர்க்குக்குப் போவோம். 1542 செப்டம்பர். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் மகள் மக்தலேனாள், வயது 13, சாகக் கிடக்கிறாள். அண்ணன் ஹான்ஸ் டோர்காவில் படித்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஏங்குகிறாள். லூத்தர் வண்டி அனுப்பி அவனை வரவழைக்கிறார். மகளிடம், இந்த அப்பாவோடு இருக்க உனக்கு ஆசைதான், அந்தப் பிதாவிடம் போகவும் உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார். தேவன் சித்தப்படி ஆகட்டும் அப்பா என்கிறாள். கட்டில் பக்கத்தில் முழங்காலிட்டு அழுதுகொண்டே ஜெபிக்கிறார். 20-ஆம் தேதி அவர் கைகளிலேயே அவள் உயிர் பிரிந்தது.

அவள் சமாதானத்தில் இருக்கிறாள் என்று நன்றாகத் தெரிந்தும் இவ்வளவு துக்கமாக இருப்பது ஆச்சரியமாக இருக்கிறது என்று கூட இருந்தவர்களிடம் சொன்னார். பெட்டியை ஆணி அடித்து மூடும்போது, அடியுங்கள், கடைசி நாளில் அவள் எழுந்திருப்பாள் என்றார். இது பிரசங்கிகளுக்குப் பிடித்த பகுதி. சில நாள் கழித்து அவர் தம் நண்பர் யூஸ்டுஸ் யோனாசுக்கு எழுதிய கடிதத்தை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. மகளின் முகமும் பேச்சும் அசைவும் நெஞ்சில் அப்படிப் பதிந்திருக்கின்றன, கிறிஸ்துவின் மரணத்தை நினைத்தாலும் அந்தத் துக்கம் முழுவதும் நீங்குவதில்லை, நீங்க வேண்டியதுதான் ஆனாலும் நீங்கவில்லை என்று எழுதினார். விசுவாசத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர் தம் வீட்டுத் துக்கத்தை மறைத்து எழுதவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள். வருஷம் பல ஆகியும் ஆறவில்லையே, என் விசுவாசத்தில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள்.

அழலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் அரைவாசிதான் சொன்னவன் ஆவேன். எதை நம்பி அழுகிறோம்? மரணம் இயற்கை, எல்லாருக்கும் உள்ளதுதான், மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்வதற்குக் கிறிஸ்தவம் தேவையில்லை. அதை யாரும் சொல்லலாம். பவுல் மரணத்தைச் சத்துரு என்கிறார்: "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்." சத்துருவோடு நாம் சமாதானமாகப் போக வேண்டியதில்லை. அதனால்தான் கிறிஸ்தவ அழுகையில் கொஞ்சம் கோபமும் இருக்கும், இருக்கலாம். ஆனால் அந்தச் சத்துரு ஒருமுறை தோற்றுப்போயிருக்கிறது. லாசரு போல மறுபடியும் சாகிறதற்காக இயேசு எழும்பவில்லை. இனி மரிக்காதவராக எழும்பினார். நாமும் அப்படி எழும்புவோம் என்பதுதான் நம்பிக்கை. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று சொல்கிறோமே, வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆவி மட்டும் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும் என்று அதில் இல்லை. நாம் குளிப்பாட்டி, நல்ல சேலை உடுத்தி, பெட்டியில் வைத்த அந்தச் சரீரத்தையும் தேவன் மறக்கமாட்டார் என்று இருக்கிறது. பல ஊர்களில் ஈஸ்டர் விடியற்காலையில் சபையார் கல்லறைத் தோட்டத்தில் கூடி ஆராதிப்பது இதனால்தான். அந்த நேரத்தில், அந்த இடத்தில் "உயிர்த்தெழுந்தார்" என்று பாடுவதற்குத் தைரியம் வேண்டும்.

சரீரத்துக்கு மரியாதை என்றால் என்ன என்று 2020 ஏப்ரலில் சென்னை பார்த்தது. கொரோனாவில் இறந்த ஒரு கிறிஸ்தவ மருத்துவரை அடக்கம்பண்ண விடாமல் கூட்டம் திரண்டு, ஆம்புலன்சைத் தாக்கியது. கடைசியில் அவரோடு வேலைசெய்த இன்னொரு மருத்துவர், ஆஸ்பத்திரி ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு, இரவில் தாமே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். கணவர் விரும்பியபடி கீழ்ப்பாக்கம் கல்லறையில்தான் அவரை வைக்க வேண்டும் என்று மனைவி நீதிமன்றம் போனார். அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் அனுமதித்தது. அந்த இரவில் மண்வெட்டி பிடித்த மருத்துவர் வசனம் ஏதும் சொன்னாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பின்வரிசைக்காரர்களே, இப்போது உங்கள் முறை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் முதலில் செய்தது சரியான காரியம். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்ததும்தான் வினை வந்தது. "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது ஆறுதல் சொல்ல வந்து தொல்லை தருகிறவர்கள் என்று அவனே சொல்லும்படி ஆயிற்று. ஆகவே "நல்லவங்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கிறார்", "இதிலேயும் ஒரு திட்டம் இருக்கும்" என்பதையெல்லாம் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தற்கொலையில் போன பிள்ளையின் வீட்டுக்குப் போனால் இன்னும் கவனம். அந்தப் பிள்ளை எங்கே போயிருக்கும் என்று தீர்ப்புச் சொல்ல உங்களை யாரும் நியமிக்கவில்லை.

செய்வதற்கு வேலை இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். சான்றிதழ் வாங்க, வங்கிக் கணக்கை மாற்ற, ஓய்வூதியத்துக்கு மனுக் கொடுக்க அந்த விதவை அம்மா எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நிற்பது என்று தெரியாமல் நிற்பார். கூடப் போங்கள். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் வீடு காலியாகிவிடும். அதற்கப்புறம்தான் போக வேண்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பேசினால் அழுவார்களே என்று பயப்படாதீர்கள், பேசாவிட்டாலும் அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள். தொற்காள் செத்தபோது விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைப் பேதுருவுக்குக் காட்டிக் காட்டி அழுதார்களே, அதை அவர் நிறுத்தவில்லை. முழுவதும் பார்த்தார், கேட்டார். ஜெபம் அதற்குப் பிறகு.

இப்போது செயலாளர் பெயர்களை வாசிப்பார். உங்கள் வீட்டுப் பெயர் வரும்போது எழுந்து நில்லுங்கள், முடியாதவர்கள் உட்கார்ந்தே இருங்கள். அழுகை வந்தால் வரட்டும், பக்கத்தில் இருப்பவர்கள் சமாதானம் பண்ண வேண்டாம். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் டீ வைத்திருக்கிறார்கள். யாரும் உடனே வண்டியை எடுத்துவிடாதீர்கள். முன்வரிசையில் இருப்பவர்களிடம் போய் ஆளுக்கு ஒருவரோடு உட்காருங்கள்.