கேமராவைப் பிறகு எடுக்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊர்ப் பிரச்சினையை ஆவணப்படமாக எடுக்க நம் பிள்ளைகள் பலர் இன்று கைப்பேசியோடு கிளம்புகிறார்கள். நல்ல காரியம். அவர்களுக்கும், நாளைக்கு அவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசப்போகிற உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மனிதர்களைப் பற்றிய படத்தில் முதலில் பதிவாக வேண்டியது குரல். முகம் அப்புறம்.

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் சுளவை, அதாவது முறத்தை வைத்து ஓர் அக்கா பீடி சுற்றுகிறார். ஊறிய இலையைக் கத்தரி நறுக்குகிற சத்தம், தூளை வைத்து உருட்டும்போது விரலுக்குள் எழும் சரசரப்பு, நூலை இழுத்துச் சுற்றி அறுக்கிற ஒரு சின்ன 'டக்'. 25 பீடி ஒரு கட்டு. நாளுக்கு 1000 என்றால் 40 கட்டு. இந்தச் சத்தம் அத்தனையும் ஆயிரம் தடவை. 'இவர்கள் கடுமையாக உழைக்கிறார்கள்' என்று பின்னணியில் ஒருவர் கனத்த குரலில் வாசிக்கவே வேண்டாம். ஒரே ஒரு பீடி சுற்றி முடிகிற வரைக்கும் வெட்டாமல் கேட்க விடுங்கள். கேட்கிறவருக்குக் கழுத்து வலிக்கும்.

அதைப் பதிவு செய்வது லேசல்ல. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று நமக்குச் சுகம், மைக்குக்கு எமன். வெறும் ஸ்பாஞ்ச் உறை அந்தக் காற்றைத் தாங்காது. முடி அடர்ந்த உறை வேண்டும், அப்போதும் சுவர் மறைவில்தான் உட்கார வேண்டும். சட்டையில் குத்துகிற சின்ன மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே வையுங்கள். நைலான் சேலை உரசும், தாலிச் சங்கிலி தட்டும். சங்கிலியை நகர்த்தச் சொல்லாதீர்கள், மைக்கை நகர்த்துங்கள். வயரை ஒரு சிறு வளையமாகச் சுருட்டி ஒட்டிவிட்டால், இழுபடுகிற சத்தம் மேலே ஏறாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் கிளம்ப முடியாது, அந்த வீட்டுப் பாலும் கெடாது. அவர் உரக்கப் பேசும்போது பதிவுக் கருவி காட்டுகிற ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். பூஜ்யத்தைத் தாண்டினால் குரல் உடையும். உடைந்த குரலை எந்த மென்பொருளும் முழுதாக ஒட்டித் தராது. கிளம்புமுன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த வீட்டின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே விழுகிற ஓட்டையை அதை வைத்துத்தான் அடைக்க முடியும். கோயில் கொடை, அதாவது ஊர்த் திருவிழா நாளில் போகாதீர்கள். பின்னால் ஓடுகிற பாட்டு ஒவ்வொரு வெட்டிலும் தாவும்.

ஏன் குரலையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், கேமராவைக் கண்டதும் 'சொல்லுதேன்' என்கிறவர் 'கூறுகிறேன்' என்பார். 'அவர்கள் வந்தார்கள்' என்பதற்கு நம் ஊரில் சொல்கிற 'அவ்வொ வந்தாவ' மறைந்துவிடும். கூடவே அவர் சொல்ல வந்ததும் மறைந்துவிடும். அதனால் முதல் அரை மணி நேரம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். ஒலி மட்டும் ஓடட்டும், அதையும் சொல்லிவிட்டுத்தான்.

கேள்வியும் அப்படித்தான். 'உங்கள் ஊரில் சாதி வேறுபாடு உண்டா' என்று கேட்டால் 'அப்படி ஒண்ணும் இல்லை' என்றுதான் பதில் வரும். 'கொடைக்கு உங்க தெருவுல வரி வாங்குவாவளா?' என்று கேளுங்கள். யாரிடம் வரி கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதே இல்லை என்பதில் ஊரின் மொத்தக் கணக்கும் வந்துவிடும். தண்ணீர் எந்தக் குழாயில், சுடுகாட்டுக்குப் பாதை எது என்பதும் அந்த வகைக் கேள்விதான்.

குரல்தான் எல்லாம் என்றேன். ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அந்தக் குரல்தான். பீடிக்கடையில் இலையைக் குறைத்துப் போடுகிறார்கள், மீதி இலையைக் கைக்காசில் வாங்குகிறோம் என்று ஒரு பெண் சொன்னால், முகத்தை மங்கலாக்கி என்ன பயன்? பீடிக்கடைக்காரர் தினமும் கேட்கிற குரல் அது. மறுநாளே அவர் சுற்றிய பீடியைச் சரியில்லை என்று கட்டுக் கட்டாகக் கழித்துப் போடுவார். குரலைத் தடிமனாக்குவதும் காவல் அல்ல, அதைப் பழைய குரலுக்கே திருப்பிவிடலாம். அவர் சம்மதத்தோடு அதே வார்த்தைகளை இன்னொருவரைப் பேச வைத்து, அதைப் படத்திலேயே சொல்லிவிடுவதுதான் சரி. சன்னலுக்கு எதிரே உட்காரவைத்து நிழலுருவாக எடுத்தால், அங்கேயே படத்தின் பிரகாசத்தை முழுக்கக் கூட்டிப் பாருங்கள். மூக்குத்தி தெரிந்தால் முகமும் தெரியும். கையை மட்டும் எடுக்கிறீர்களா? பச்சை குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024-இல் அறிக்கை தந்தது. அந்தக் கயிற்றை நெருக்கத்தில் காட்டத் தோன்றும். கயிறோடு சீருடை, சீருடையோடு பள்ளி, பள்ளியோடு பிள்ளை என்று போய்விடும். பாதிக்கப்பட்ட, சாட்சியான சிறுவர்களின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு.

நேரம் நெருங்கிவிட்டது. சம்மதம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். காகிதத்தில் வாங்கும் ஒரு கையெழுத்து போதாது. பதிவுக்கு முன், பதிவு முடிந்ததும், எடிட்டிங் முடிந்த பிறகு என்று மூன்று தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை, வீட்டார் சூழ்ந்திருக்கும்போது வேண்டாம். இயர்போனைக் கொடுத்து அவருக்கு மட்டும் காட்டுங்கள். 'இதை எடுத்துருப்பா' என்றால் எந்த நிமிடம் என்று குறித்துக்கொண்டு எடுத்துவிடுங்கள், எடுத்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வசன எழுத்துப் போடும்போது 'அண்ணாச்சி'யை 'சார்' ஆக்காதீர்கள். முதல் திரையிடல் அவர்கள் தெருவிலேயே நடக்கட்டும். திரை வேட்டியானாலும் சரி, ஒலிபெருக்கி நல்லதாக இருக்கட்டும், காற்றுக்கு எதிரே வைக்க வேண்டாம்.

வணக்கம்.