டெக்சஸில் ‘ஏ’, கலிபோர்னியாவில் மஞ்சள்: பள்ளிக்கூடத்துக்கு மார்க் போடுவது எப்படி?

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கி வாசிக்கிறேன். “டாலஸ் பக்கமிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிவந்திருக்கிறோம். பையன் நாலாம் வகுப்பு. அங்கே அவன் படித்த அரசுப் பள்ளிக்கு மாநிலம் ‘ஏ’ கொடுத்திருந்தது. இங்கே வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளியைத் தேடிப் பார்த்தால் எழுத்தே இல்லை, வண்ணம்தான் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பச்சை, கணக்குக்கு மஞ்சள். அப்படியென்றால் பள்ளி சுமார்தானா? இதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? அப்புறம், மாநிலத் தேர்வுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை என்கிறார்களே, அனுப்பாவிட்டால் என்ன ஆகும்?”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அந்த ‘ஏ’வையும் இந்த மஞ்சளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. தேர்வு வேறு, தேர்ச்சிக்கான கோடு வேறு, கூட்டிப் பார்க்கும் முறையும் வேறு. மாநிலங்களை ஒப்பிடவென்றே ‘நேப்’ என்று ஒரு தேசியத் தேர்வு இருக்கிறது. ஆனால் அது மாதிரிக்குக் கொஞ்சம் மாணவர்களை மட்டும் எடுத்து வைக்கும் தேர்வு. உங்கள் தெருப் பள்ளிக்கு மார்க் என்ன என்று அது சொல்லாது.

அமெரிக்காவில் கல்வி மாநிலத்தின் பொறுப்பு. மத்திய அரசு பணத்தைக் கொடுத்து, அதோடு சில நிபந்தனைகளையும் சேர்த்துக் கொடுக்கிறது. 1965-இல் அதிபர் ஜான்சன் காலத்தில் வந்த கல்விச் சட்டம்தான் இதற்கு அடித்தளம். 2002 ஜனவரியில் புஷ் கையெழுத்திட்ட ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் வந்தபோதுதான் பிடி இறுகியது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு தடவை, வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு கட்டாயம் என்றார்கள். 2014-க்குள் நாட்டின் எல்லாப் பிள்ளைகளும், நூற்றுக்கு நூறு, தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். சட்டம் போட்டவர்களுக்கே அது நடக்காது என்று தெரிந்திருக்கும். கெடு நெருங்க நெருங்க நல்ல பள்ளிகளும் ‘தேறாத பள்ளி’ பட்டியலில் விழ, ஒபாமா அரசு மாநிலங்களுக்கு விலக்கு கொடுக்கத் தொடங்கியது. கடைசியில் 2015 டிசம்பரில் ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்ஸீட்ஸ்’ சட்டம் வந்தது. இன்று நடப்பது இதுதான்.

இந்தச் சட்டப்படி எதையெல்லாம் அளக்க வேண்டும் என்பதை மத்திய அரசு சொல்லும், எப்படிக் கலந்து மார்க் போடுவது என்பதை மாநிலம் முடிவு செய்துகொள்ளலாம். அளக்க வேண்டியவை: தேர்ச்சி, தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் மாணவர் வளர்ச்சி, உயர்நிலைப் பள்ளியில் பட்டம் பெற்று வெளியே போகிறவர்களின் விகிதம், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாமல் அதைக் கற்கும் மாணவர்களின் முன்னேற்றம். இவற்றோடு தேர்வுக்கு அப்பாற்பட்ட ஏதாவது ஒன்று, மாநிலமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைசி ஒன்றைவிட மற்றவற்றுக்கு மொத்தமாக அதிக எடை இருக்க வேண்டும்.

கலப்பு மாநிலத்துக்கு மாநிலம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உங்கள் பழைய டெக்சஸ் பள்ளியையே எடுப்போம். அங்கே ‘ஸ்டார்’ என்ற மாநிலத் தேர்வில் மூன்று படிகள்: தேர்ச்சியை நெருங்கியவர், தேறியவர், சிறந்து விளங்கியவர். ஒரு தொடக்கப் பள்ளியில் முதல் படியையாவது தொட்டவர்கள் 90 சதவீதம், இரண்டாவதைத் தொட்டவர்கள் 60, மூன்றாவதைத் தொட்டவர்கள் 30 என்று வையுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 60. இதையும் அப்படியே எடுப்பதில்லை, ஒரு அட்டவணையில் வைத்து நூற்றுக்கு மாற்றுவார்கள். இது ‘சாதனை’ மார்க். தனியாக ‘முன்னேற்றம்’ என்று இன்னொரு மார்க் உண்டு. இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீத எடை. ஏழைகள், ஆங்கிலம் கற்பவர்கள் போன்ற மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைப்பதற்கு 30. ஆக, உங்கள் ‘ஏ’ எந்த வழியாக வந்தது என்பது அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தால் தெரியாது. பிள்ளைகள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள் என்பதாலும் வந்திருக்கலாம், பள்ளி அவர்களைத் தூக்கிவிட்டதாலும் வந்திருக்கலாம்.

இந்தக் கோடுகளும் அசையும். உயர்நிலைப் பள்ளிகளில், மாணவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ தயாரா என்று பார்க்கும் பகுதியில், ‘ஏ’ வாங்க முன்பு 60 சதவீதம் போதும். டெக்சஸ் அதை 88 ஆக்கியது. பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) வழக்குப் போட்டதில், 2023-க்கான மார்க் 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. பள்ளி அப்படியே இருக்க, எழுத்து மட்டும் கீழே இறங்கலாம்.

கலிபோர்னியாவோ ஒரே எழுத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க மாட்டோம் என்று 2017-இல் ‘டேஷ்போர்டு’ கொண்டுவந்தது. ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி வண்ணம்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். நீலம்தான் உச்சம். வண்ணம் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்த்து வருகிறது. இந்த ஆண்டு பள்ளி எங்கே நிற்கிறது என்பது ஒன்று, போன ஆண்டிலிருந்து ஏறியதா இறங்கியதா என்பது மற்றொன்று. அதனால் மேலேயிருந்து சரிந்து வந்த பள்ளியும், கீழே இருந்து ஏறி வரும் பள்ளியும் ஒரே மஞ்சளில் வந்து நிற்கலாம். நீங்கள் பார்த்த மஞ்சள் எந்த மஞ்சள்? அந்த வண்ணத்தோடு நின்றுவிடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். தேர்ச்சிக் கோட்டுக்குச் சராசரியாக எத்தனை புள்ளி மேலே அல்லது கீழே, போன ஆண்டைவிட எத்தனை புள்ளி கூடியது அல்லது குறைந்தது என்று இரண்டு எண்கள் இருக்கும். வண்ணத்தைவிட அந்த இரண்டு எண்களில்தான் விஷயம் இருக்கிறது.

இடையில் ஒன்று. 2022-இல் இந்த வண்ணமே கிடையாது. 2020-இல் கொரோனாவால் நாடு முழுக்கத் தேர்வு நின்றுபோனது, 2021-லும் அரைகுறை. ஒப்பிடப் போன ஆண்டு எண் இல்லை. அதனால் செல்போன் சிக்னல் மாதிரி கோடுகளைப் போட்டு அந்த ஆண்டை ஒப்பேற்றினார்கள். பழைய படத்தை யாராவது அனுப்பினால் குழம்ப வேண்டாம்.

சரி, இந்த ஏற்ற இறக்கம்தான் வளர்ச்சியா என்றால், இல்லை. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். போன ஆண்டு இருந்த பிள்ளைகளின் சராசரியையும் இந்த ஆண்டு இருக்கும் பிள்ளைகளின் சராசரியையும் ஒப்பிடுவது ஒன்று. ஒரே பிள்ளை ஓர் ஆண்டில் எவ்வளவு முன்னேறினான் என்று பின்தொடர்வது முற்றிலும் வேறு. முதல் கணக்கில், நன்றாகப் படித்த வகுப்பு ஒன்று பள்ளியை விட்டுப் போனாலே எண் குறையும்.

ஒரே பிள்ளையைப் பின்தொடரும் முறைக்கு கொலராடோ நல்ல உதாரணம். போன ஆண்டுகளில் உங்கள் பையன் வாங்கிய அதே மார்க்கை வாங்கிய மற்ற பிள்ளைகளை மாநிலம் முழுக்கத் தேடி எடுப்பார்கள். அவர்களில் நூற்றுக்கு 70 பேரை அவன் இந்த ஆண்டு தாண்டியிருந்தால் அவனுடைய வளர்ச்சி எண் 70. பள்ளியிலுள்ள எல்லாருடைய எண்களையும் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால், அது பள்ளியின் எண். கணக்கில் பின்தங்கி நாலாம் வகுப்புக்கு வரும் பிள்ளையை நன்றாக நகர்த்திய ஆசிரியருக்கு இதில் மதிப்பு கிடைக்கும். தேர்ச்சிக் கணக்கில், அவன் கோட்டைத் தாண்டாதவரை பூஜ்யம்தான். டென்னசி மாநிலம் தொண்ணூறுகளிலேயே ‘வேல்யூ ஆடட்’ (பள்ளி கூடுதலாகச் சேர்த்தது எவ்வளவு) என்று வேறொரு வழியில் இதைத் தொடங்கியது. ஃபுளோரிடா 1999 முதல் பள்ளிகளுக்கு எழுத்து கொடுக்கிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதி, மிகக் கீழே இருக்கும் 25 சதவீதப் பிள்ளைகளின் முன்னேற்றத்தைத் தனியாக எடுத்துக் கணக்கில் சேர்ப்பது.

என் கருத்தைக் கேட்டால், தேர்ச்சி விகிதம் பெரும்பாலும் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களின் வருமானத்தைத்தான் சொல்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதற்குமான தேர்வுத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, சராசரி மார்க் குடும்பங்களின் வசதியோடு நெருக்கமாக ஒட்டியிருந்தது. வளர்ச்சி அந்த அளவுக்கு ஒட்டவில்லை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த சிகாகோ அரசுப் பள்ளிகளில், 2009 முதல் 2014 வரை, ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக்கான படிப்பைப் பிள்ளைகள் கற்றதாக அவர்கள் கண்டார்கள். வீடு வாங்கும் இணையதளத்தில் பள்ளி எண்ணைப் பார்த்து ஏரியாவை முடிவு செய்கிறோமே, அங்கே நாம் பாதி நேரம் பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் வராதோர் கணக்கு. தேர்வுக்கு அப்பாற்பட்ட அளவாகப் பெரும்பாலான மாநிலங்கள் இதைத்தான் எடுத்திருக்கின்றன. பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளை ‘தொடர்ந்து வராதவர்’. ஆண்டுக்கு 180 நாள் என்றால் 18 நாள். டாக்டர் சீட்டு கொடுத்தாலும் கணக்கு கணக்குதான். நம்மவர்கள் டிசம்பர் விடுமுறையோடு இன்னும் மூன்று வாரம் சேர்த்து ஊருக்குப் போய் வருவோம் இல்லையா, அதிலேயே 15 நாள் போய்விடும். நடுவில் காய்ச்சல் வந்தால் முடிந்தது. கலிபோர்னியா டேஷ்போர்டில் இதற்கும் தனி வண்ணம் உண்டு.

பட்டம் பெறுவோர் விகிதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு இன்னும் நாளிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் நான்கு ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்ப்பார்கள். வேறு பள்ளிக்கோ வேறு நாட்டுக்கோ போனவர்களைக் கழித்துவிடலாம், ஆனால் எழுத்தில் ஆதாரம் வேண்டும். இந்தியாவுக்கே திரும்பும் குடும்பங்கள் பள்ளியில் காகிதம் கொடுக்காமல் கிளம்பிவிட்டால், அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டவனாகவே பள்ளியின் தலையில் விழுவான்.

பள்ளியின் மார்க் குறைந்தால் என்ன ஆகும்? வறுமைப் பகுதிகளுக்கான மத்திய நிதி பெறும் பள்ளிகளில் கடைசி 5 சதவீதத்தையும், மூன்றில் ஒரு பங்கு மாணவர்களோ அதற்கு மேலோ பட்டம் பெறாத உயர்நிலைப் பள்ளிகளையும் மாநிலம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பட்டியல் போட வேண்டும். அவர்கள் மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும், கூடுதல் பணமும் கிடைக்கும். மொத்தத்தில் நன்றாக இருக்கும் பள்ளியில் ஒரு பிரிவு மட்டும், உதாரணமாக மாற்றுத்திறன் மாணவர்கள், பின்தங்கியிருந்தால் அதற்கும் தனிப்பட்டியல் உண்டு. ஆனால் பிரிவில் குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் கணக்கு. அந்த எண்ணை மாநிலமே வைக்கிறது. 30 என்று வைத்த இடத்தில் 29 பேர் இருந்தால் அந்தப் பிரிவு கண்ணிலேயே படாது. சில மாநிலங்களில் விளைவு இன்னும் கடுமை. டெக்சஸில் ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டு தேறாவிட்டால், அதை மூட வேண்டும் அல்லது பள்ளி மாவட்டத்தின் நிர்வாகத்தையே மாநிலம் எடுத்துக்கொள்ளும். 2023-இல் ஹூஸ்டன் பள்ளி மாவட்டம் முழுவதும் அப்படித்தான் மாநிலத்தின் கைக்குப் போனது.

இவ்வளவு எண்ணின் தலையில் தொங்கினால் எண்ணை வளைக்கத்தான் பார்ப்பார்கள். அட்லாண்டாவில் 2009 தேர்வில் மாணவர்களின் தவறான விடைகளை அழித்துத் திருத்தியதாக, 2011-இல் மாநில விசாரணை 44 பள்ளிகளையும் 178 கல்வியாளர்களையும் சுட்டியது. சிலர் குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டார்கள். அது அப்பட்டமான திருட்டு. அமைதியாக நடப்பது வேறொன்று: கோட்டுக்கு ஓரிரு மார்க் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு வைப்பது. மிகக் கீழே இருப்பவனை எவ்வளவு கற்பித்தாலும் இந்த ஆண்டு தாண்ட மாட்டான், மேலே இருப்பவன் எப்படியும் தாண்டுவான், இரண்டு பேருக்கும் நேரம் எதற்கு என்ற கணக்கு. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. தேர்ச்சி விகிதம் என்ற ஒற்றை எண்ணின் மேல் எனக்குள்ள கோபத்துக்கு இதுதான் காரணம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கலிபோர்னியாவில் பெற்றோர் எழுத்தில் கேட்டால் மாநிலத் தேர்விலிருந்து பிள்ளைக்கு விலக்கு உண்டு. பையனின் வகுப்பேற்றத்தை இது பாதிக்காது. பள்ளியைத்தான் பாதிக்கும். குறைந்தது 95 சதவீதம் பேர் எழுத வேண்டும் என்பது மத்தியச் சட்டம். 100 பேர் உள்ள பள்ளியில் 85 பேர் எழுதி 68 பேர் தேறினால், நீங்களும் நானும் 80 சதவீதம் என்போம். சட்டம் 68-ஐ 95-ஆல் வகுக்கும். ஏறக்குறைய 72 சதவீதம்தான் வரும். கலிபோர்னியா சராசரிப் புள்ளியைப் பார்க்கும் மாநிலம் என்பதால், 95-ஐ எட்டுவதற்குக் குறைகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தேர்வின் மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். அதனால் அந்த மஞ்சளைத் திறக்கும்போது, எத்தனை சதவீதம் பேர் எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். 95-க்குக் கீழே இருந்தால், அந்த வண்ணத்தில் கொஞ்சம் எழுதாத பிள்ளைகளுடையது. உங்கள் பையன் எழுதினால் அவனுடைய தனி அறிக்கை உங்களுக்கு வரும். புது ஊரில் கணக்கில் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துகொள்ளவாவது நான் அனுப்பிவைப்பேன்.