பெரியம்மா ஏற்காடு போன நாளில் டெலோமியர் பற்றிக் கொஞ்சம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு சேலம் அம்மாப்பேட்டையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் பக்கத்து வீட்டுத் தறி, பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா காலையிலேயே தெருப் பெண்களோடு ஏற்காடு பஸ் ஏறிவிட்டார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடுகிற ஊர்தான். ஆனால் அவர் அங்கே போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. காரணம், உள்ளே தூங்குகிற அண்ணன், பெரியம்மாவின் மகன். பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு, இப்போது 26 வயது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பது எல்லாமே பெரியம்மாதான். இன்றைக்கு ஒரு நாள் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெலோமியர் குறைந்தால் மனநோய் வருமா, அதற்கு டெஸ்ட் எடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய நூல், முடிகிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கடைசித் துண்டை நெய்யவே முடியாது. குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓட இடம் இருக்காது. அந்த நூல் சேலையாகாமலே நின்றுவிடும். நம் செல்லுக்குள்ளும் இதேதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கிற நொதியால் இழையின் கடைசி நுனி வரை போக முடியாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விட்டுப்போகும். அப்படி விட்டுப்போவதற்காகவே நுனியில் உபரி நூல் வைத்த மாதிரி, டி டி ஏ ஜி ஜி ஜி என்ற ஆறு எழுத்து ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும். அதுதான் டெலோமியர். ஒரு செல்லில் டிஎன்ஏ 46 குரோமோசோம் என்கிற இழைகளாக இருக்கிறது, அதனால் 92 நுனி. சில செல்களில் டெலோமரேஸ் என்ற நொதி அந்த நுனியைத் திரும்ப நீட்டிக் கொடுக்கும். டெலோமியர் குரோமோசோமை எப்படிக் காக்கிறது என்பதையும் டெலோமரேஸையும் கண்டுபிடித்த எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது 2004இல் உளவியலாளர் எலிசா எப்பலும் பிளாக்பர்னும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. 58 தாய்மார்கள். அதில் 39 பேர் நாள்பட்ட நோயுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மற்றவர்களின் குழந்தைகள் நலமாக இருப்பவர்கள். எத்தனை வருடம் பார்த்துக்கொண்டார்களோ அந்த அளவுக்கு டெலோமியர் குறைந்திருந்தது. மன அழுத்தம் மிக அதிகம் என்று சொன்ன பெண்களின் ரத்தச் செல்கள், குறைந்த அழுத்தம் உள்ளவர்களைவிடப் பத்து வருடமாவது கூடுதலாக மூத்ததுபோல இருந்தன. ஆனால் இதைக் கவனியுங்கள்: இரண்டு குழுவையும் மொத்தமாக ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. நோயுள்ள பிள்ளையைப் பார்ப்பதாலேயே எல்லோருக்கும் தேய்ந்துவிடவில்லை. எத்தனை காலம், எவ்வளவு பாரமாக உணர்ந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். இதைப் படித்த அன்று எனக்குப் பெரியம்மா முகம்தான் கண்ணில் நின்றது.

மனச்சோர்வு நோயிலும் இப்படித்தான். நெதர்லாந்தில் 2,400 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தபோது, இப்போது நோய் இருப்பவர்களுக்கும் முன்பு இருந்து குணமானவர்களுக்கும் டெலோமியர் சராசரியாகக் குட்டையாக இருந்தது. உடம்பில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் நீண்ட நாள் ஓங்கி, அழற்சி கூடி, ஆக்சிஜனேற்றச் சிதைவு நடப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த ஆறு எழுத்தில் மூன்று ஜி இருக்கிறதே, அந்தச் சிதைவு எளிதில் தாக்குவது ஜி-யைத்தான். இருந்தாலும் இது தொடர்புதான். எது முன்னால், எது பின்னால் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இதற்காக டெஸ்ட் எடுக்காதீர்கள். ஒரே வயதுள்ள, நன்றாக இருக்கிற இரண்டு பேருக்கே நீளம் ரொம்ப மாறும். மனச்சோர்வு இருக்கிறதா என்று அந்த எண் சொல்லாது, மனநல மருத்துவர் உங்களோடு பேசித்தான் சொல்வார். டெலோமியரை வளர்க்கும் என்று விற்கிற மாத்திரையும் வேண்டாம். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் சாகாமல் பெருகுவதே டெலோமரேஸை வைத்துக்கொண்டுதான்.

பெரியம்மாவுக்குத் தூக்கம் போய், சாப்பாடு போய், தறிக்காரர் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்காமல் இருந்த மூன்று மாதம் உண்டு. "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மனசுதான் சரியில்ல, அதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்றார். மனசு சரியில்லாதவர்களுக்கு ரத்தத்தின் செல்லிலேயே வித்தியாசம் தெரிகிறது பெரியம்மா என்று இந்த ஆய்வைத்தான் தமிழில் சொல்லிக் காட்டினேன். அடுத்த வாரமே டாக்டரிடம் வந்தார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், தூங்குகிறார். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்துக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அப்புறம், அவர்களுக்கு மாதம் ஒரு நாளாவது நீங்கள் மாற்றாள் ஆகுங்கள்.

ஒரு நிமிஷம், போன் அடிக்கிறது... பெரியம்மாதான். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் நிற்கிறாராம், கீழே சேலம் முழுக்கத் தெரிகிறதாம். அண்ணன் சாப்பிட்டானா என்று கேட்கிறார். இன்னும் எழவில்லை பெரியம்மா, எழுந்ததும் கொடுக்கிறேன், நீங்கள் மெதுவாக வாருங்கள்.